மூன்றாவது கட்டம்

சடகோபன் ஐயா வீட்டுக்கு நாங்கள் போனது மதியம் இரண்டு மணிக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் எல்லாரும் அமாவாசை, நடுராத்திரி, நரி ஊளை என்று எதிர்பார்க்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் வாய்க்கவில்லை. மாசி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சரவணப் பொய்கைப் பக்கம் மொட்டைத் தலைகள் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாகப் போயின. மலையடிவாரத்துச் சந்தில் ஒரு ஆட்டோக்காரர் வண்டிக்குள்ளேயே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஷோபனா. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என்னோடு வந்தவள் ஹுசைனா. அரக்கோணம் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஃபக்ருதீன் பாயின் மனைவி. அவளுக்கு ஒரே மகள், நஸியா, ஐந்தாவது படிக்கிறாள்.

எங்களைச் சேர்த்துவைத்தது குறுக்கெழுத்துப் புதிர்தான். ஒரு சின்ன மாத இதழின் கடைசிப் பக்கத்தில் 'அருஞ்சொற்புதிர்' என்று ஒன்று வரும். அதில் நாய் என்று சாதாரணமாக விடை வராது, ஞமலி என்று வரும். வண்டு என்று வராது, ஞிமிறு என்று வரும். அமைப்பவர் பெயர் 'சடகோபன், திருத்தணி' என்று போட்டிருக்கும். சரியாக நிரப்பி அனுப்புகிறவர்களின் பெயர்கள் அடுத்த மாதம் அச்சாகும். ஆறு வருடம் 'ஷோபனா, திருத்தணி' என்று என் பெயரும், அதற்குப் பக்கத்திலேயே 'ஹுசைனா, திருத்தணி' என்று இன்னொரு பெயரும் வந்துகொண்டிருந்தன. நம் ஊரிலேயே நமக்குப் போட்டியாக எவள் இவள் என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு நாள் அளவு கொடுக்க வந்த பெண்ணின் பைக்குள் அந்த இதழைப் பார்த்தேன். அன்றைக்குப் போன வயிற்றெரிச்சல்தான், அப்புறம் திரும்பி வரவில்லை.

அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே போடுவோம். இடமிருந்து வலம் எனக்கு. மேலிருந்து கீழ் அவளுக்கு. நான் பேனாவில் எழுதுவேன், அவள் பென்சிலில் எழுதுவாள். பின்னால் ரப்பர் வைத்த மஞ்சள் பென்சில் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

"தப்பாப் போச்சுன்னா இன்னாக்கா பண்ணுவ?" என்று கேட்பாள்.

"நான் தப்பா எழுத மாட்டேன்" என்பேன். துணியில் கத்தரி வைத்த பிறகு அழித்துவிட்டு வெட்ட முடியுமா? எழுத்தும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு திமிர்.

சடகோபன் ஐயாவை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. மார்கழியில் அவர் இறந்துபோனார். தனிக்கட்டை. அவருடைய தம்பி மகன் ராஜேஷ் என் கடையைத் தேடிக்கொண்டு வந்தான்.

"பெரியப்பா எழுதின நோட்டுங்க நெறைய கெடக்குதுக்கா. பழைய பேப்பர்காரன்கிட்ட போட மனசு வரல. உங்க ரெண்டு பேர் பேரத்தான் சொல்லிகினே இருப்பாரு. வந்து எடுத்துக்கறீங்களா?"

நோட்டு என்றதும் எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டோம்.

ராஜேஷ் கதவைத் திறந்துவிட்டான். "பள்ளிப்பட்டு வரிக்கும் ஒரு வேல கீதுக்கா. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடறேன். கதவ சாத்திக்கங்க, இல்லன்னா கொரங்கு உள்ள பூந்துரும்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"நாலு மணிக்கு நஸியா ஸ்கூல் உட்டு வந்துருவா. வூட்டு சாவி என்கிட்டதான் இருக்குது. அதுக்குள்ள முடிச்சிடலாம்க்கா" என்றாள் ஹுசைனா.

உள்ளே மூக்குப்பொடி வாசனை. பழைய காகிதமும் பூட்டிக் கிடந்த வீட்டுப் புழுக்கமும் அதனடியில் இருந்தன. நடு அறையில் ஒரு மேசை. சுவர் ஓரம் பிரம்பு நாற்காலி ஒன்று மேசையைப் பார்த்தபடி கிடந்தது. அதன் இருக்கை நடுவில் குழிந்திருந்தது. நோட்டுகள் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. ஆனால் நாங்கள் அலமாரிப் பக்கம் போகவே இல்லை.

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. கையால் கோடு போட்ட கட்டங்கள், பக்கத்தில் அவருடைய நுணுக்கமான எழுத்தில் குறிப்புகள். பதினோரு சொற்கள். ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை.

இதழுக்கு அனுப்பாமல் விட்டுப்போன கடைசிப் புதிர். அதைப் பார்த்துவிட்டு நோட்டைக் கட்ட உட்காருகிற ஆளா நாங்கள்? ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டோம். நான் பேனாவைத் திறந்தேன். அவள் பென்சிலை எடுத்தாள்.

"வண்டு, மூணு எழுத்து. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரித்துக்கொண்டே ஞிமிறு என்று எழுதினாள். எங்கிருந்தோ ஒரு வண்டு வந்து எங்கள் தலைக்கு மேல் ரீங்கரித்துச் சுற்றியது. அவள் கையால் விசிறிவிட்டாள். பிரம்பு நாற்காலி முனகியது. வெயிலில் பிரம்பு நெகிழும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்தது நாய். ஞமலி என்று பேனாவில் எழுதினேன்.

சமையலறைப் பக்கம் நாய் ஒன்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"தெரு நாய் உள்ள வந்துகிச்சு போல" என்று எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் வாசற்படியில் நின்றதும் மூச்சு நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி கேட்டது. நாற்காலி இன்னொரு தடவை முனகியது. எழுந்து போயிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அடுத்த குறிப்பு என் கண்ணில் பட்டுவிட்டது.

'கதவு திறவாதபடி உள்ளே குறுக்காக இடும் மரம். நான்கு எழுத்து.'

"கணையம்" என்றேன்.

"அது வவுத்துக்குள்ள இருக்கறதுக்கா. சுகர்காரங்க சமாச்சாரம்."

"பழைய சொல்லுல கதவுக்குப் போடற கட்டதான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். க, ணை, ய, ம். பேனா வழவழவென்று ஓடியது.

வாசல் பக்கம் கனமான மரம் ஒன்று விழுந்து பொருந்துகிற சத்தம் கேட்டது. ராஜேஷ்தான் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான் என்று நினைத்து, "தம்பி!" என்று கூப்பிட்டேன். அதற்குள் ஹுசைனா என் க-விலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இரவு. நாலு எழுத்து. உன் க-வுலதான் ஆரம்பிக்குது. கங்குல்" என்று ங், கு, ல் மூன்றையும் பென்சிலால் எழுதினாள்.

இருட்டிவிட்டது.

கரண்டு போகவில்லை. நாங்கள் விளக்கே போட்டிருக்கவில்லை. போனது வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே சந்தில் அதே வெயில் காய்ந்தது, எதிர்ச் சுவர் பளீரென்று தெரிந்தது. அந்த வெயில் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது. உள்ளே ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

"அக்கா…"

"இருக்கேன்."

"என் கைய புடிச்சிகினு இருக்கறது நீதான?"

நான் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை.

அவள் செல்போன் டார்ச்சைத் தட்டினாள். மேசையும் தாளும் எங்கள் இரண்டு முகங்களும் தெரிந்தன, வேறு ஒன்றும் தெரியவில்லை. மூக்குப்பொடி நெடி தூக்கலாக அடித்தது. ஹுசைனா எதையாவது ஓதுவாள் என்று நினைத்தேன். அவள் பென்சிலைத் திருப்பி, பின்னாலிருந்த ரப்பரால் கங்குலை அழிக்க ஆரம்பித்தாள். என்னைவிட எப்போதுமே அவளுக்குப் புத்தி வேகம்.

ல் போயிற்று. கு போயிற்று. ங் போயிற்று.

வெளிச்சம் வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. பிரம்பு நாற்காலி கிடந்த மூலையில் மட்டும் அந்த இருட்டு அப்படியே தங்கிவிட்டது. நாற்காலியின் கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே எதுவும் தெரியவில்லை. அது ஏன் போகவில்லை என்று அப்போது யோசிக்க எங்களுக்கு நிதானம் இல்லை. வாசலுக்கு ஓடினோம்.

கதவின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, என் இடுப்புப் பருமனில் ஒரு கருத்த மரம் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். அசையவில்லை. சுவரோடு சேர்த்தே வளர்ந்தது போல் இருந்தது.

ஹுசைனாவின் போனில் டவர் இல்லை. என் போன் கடையில் சார்ஜில் கிடந்தது. ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தினோம். காவடிக் கூட்டம் ஒன்று பம்பை அடித்துக்கொண்டு சந்தைக் கடந்தது. அதில் மொட்டை போட்ட ஒரு பெண் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அவள் தலைச் சந்தனத்தின் வாசனை எனக்கு அடித்தது. நான் கம்பிக்கு வெளியே கையை விட்டு அவள் தோளைத் தொட்டேன். அவள் தோளைத் துடைத்துக்கொண்டு, திரும்பித் தன் புருஷனிடம் சொன்னாள்.

"லோபல எவரூ லேரு."

எனக்குத் தெலுங்கு தெரியும். உள்ளே யாரும் இல்லை என்று சொல்கிறாள்.

திரும்பி மேசைக்கு வந்தோம். அழித்தால் போகிறதென்றால் கணையத்தையும் அழித்துவிட வேண்டியதுதானே? என் பையில் எப்போதும் தையல் பிரிக்கிற பிளேடு இருக்கும். அந்த நான்கு எழுத்தையும் சுரண்டினேன். தாள் கிழிந்ததே தவிர மை போகவில்லை. கிழிந்த இடத்துக்குக் கீழே மேசை மரத்தில் க, ணை, ய, ம் என்று அதே எழுத்து, என் கையெழுத்திலேயே இருந்தது. ஹுசைனா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் தாளின் அடியில் இருந்த வரியைப் படித்தோம். மாதாமாதம் புதிருக்குக் கீழே வருகிற வரிதான், ஆறு வருடமாகப் படித்து மனப்பாடமான வரி.

'எல்லாக் கட்டங்களும் நிரம்பினால் மட்டுமே ஏற்கப்படும்.'

"முடிச்சாதான் உடுவாரு" என்றாள் ஹுசைனா, மெதுவாக, மூலையைப் பார்க்காமல்.

முடித்தோம். இந்தத் தடவை சிரிப்பில்லை, போட்டியில்லை. ஒவ்வொரு சொல்லையும் எழுதும் முன் அது வந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் யோசித்தோம். மேலிருந்து கீழோ இடமிருந்து வலமோ, எல்லாவற்றையும் அவளே பென்சிலில் எழுதினாள். எழினி என்று எழுதியதும் ஜன்னலுக்கு ஒரு திரை வந்தது. மற்றவை ஆபத்தில்லாதவை. சரியான விடை விழும்போதெல்லாம் மூலையில் நாற்காலி ஒரு தடவை முனகியது. வாத்தியார் தலையசைக்கிற மாதிரி, அளவாக, ஒரே ஒரு தடவை. சமையலறையில் நாய் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கங்குலைத் திரும்ப எழுதியாக வேண்டும். எழுதினாள். இருட்டு வந்தது. டார்ச் வெளிச்சத்தில் தாள் மட்டும் தெரிந்தது.

மீதி ஒரே ஒரு சொல். மேலிருந்து கீழ்.

'துணை யாருமற்ற பெண். நான்கு எழுத்து.'

குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு விடை வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. வெகு நேரம் இரண்டு பேரும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"தமியள்" என்றாள் அவள்.

"வேண்டாம்."

"மணி மூணே முக்கால் ஆவுதுக்கா. பூட்டின வூட்டு முன்னால என் புள்ள நிப்பா."

"ரெண்டு பேர்ல ஒருத்தி…"

"ஆங். யாருன்னு தெரியல. அதான் பென்சில்ல எழுதறேன். யாரு மிச்சம் இருக்கறமோ அவங்க தாள எடுத்துகினு வெளிய ஓடணும். கட்டையையும் வெளிய இழுத்துப் போட்டுடணும், மறுபடி விழாம. அப்புறமா அழிச்சிடணும். அவ்ளோதான். பென்சில் இங்கதான் விழும், பின்னாலயே ரப்பர் கீது." பென்சிலைத் தாளில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நீ இருந்தா என்னை உட்ருவியாக்கா?"

"பைத்தியமா உனக்கு?"

அவள் த எழுதினாள். அதற்குக் கீழே மி எழுதினாள்.

மூன்றாவது கட்டத்தில் அவள் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ய இருந்தது. கணையத்தின் ய. நான் பேனாவில் எழுதிய ய.

அந்த நொடியில்தான் எனக்கு மூலை இருட்டு ஏன் போகவில்லை என்று விளங்கியது. கங்குலில் அவள் அழித்தது மூன்று எழுத்து. முதல் எழுத்து என் க. அது அழியவில்லை. அதன் பங்கு இருட்டும் அழியவில்லை.

நான் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. அவள் பென்சில் முனை நான்காவது கட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "நிறுத்து" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

கதவு திறக்க வேண்டும் என்று இருந்தது. அந்த நாற்காலியும் அந்த நெடியும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது என்று இருந்தது. போகப்போவது நானாகவும் இருக்கலாம், அப்படியிருந்தும் என் வாய் திறக்கவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ள் எழுதினாள். புள்ளி வைத்தாள்.

நாற்காலி முனகியது.

டார்ச் எரிந்த செல்போன் மேசைமேல் தனியாகக் கிடந்தது. எதிர் ஸ்டூலில் யாரும் இல்லை. பென்சில் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது விழவே இல்லை. அவளோடேயே போய்விட்டது.

தாளைப் பிடுங்கிக்கொண்டு, தடவித் தடவி வாசலுக்கு வந்தேன். என் கால் பக்கத்தில் ஏதோ மூச்சு வாங்கிக்கொண்டே கூட வந்தது. மரத்தில் கை வைத்தேன். வெறும் கட்டையாகத் தூக்க வந்தது. கதவைத் திறந்து, கட்டையை இழுத்துக்கொண்டு போய்ச் சந்தில் போட்டேன். வெயில் முகத்தில் அடித்தது. ஆட்டோக்காரர் இன்னமும் தூங்கிக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் ஆறுமுகத்தின் நோட்டுக் கடை இருக்கிறது. செருப்பில்லாமல் ஓடினேன்.

"ரப்பர் குடுங்க!"

"தனியா இல்லமா. பென்சில் பாக்ஸோடதான் கீது."

"பாக்ஸோட குடுங்க!"

"புள்ளைக்குப் பரீச்சையா? இன்னாமா இப்டி வேர்த்து ஊத்துது? உக்காரு, தண்ணி குடி. நீல பாக்ஸா, ரோஸா?"

அவர் கையிலிருந்ததைப் பறித்துப் பிரித்தேன். அவருடைய மேசையிலேயே தாளை விரித்து அழித்தேன். த போயிற்று. மி போயிற்று. ள் போயிற்று. பக்கத்தில் கங்குலையும் அழித்தேன். மூன்றாவது கட்டத்தில் ரப்பர் வழுக்கியது. தேய்த்தேன், தேய்த்தேன், தாளில் ஓட்டை விழுகிறவரை தேய்த்தேன். ஓட்டைக்குக் கீழே ஆறுமுகத்தின் கடை மேசையில் ஒரு ய இருந்தது. இப்போதும் இருக்கிறது. யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று அவர் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

திரும்பி ஓடி வந்தபோது ஹுசைனா வாசற்கல்லில் நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பென்சில். துப்பட்டா முழுக்க ஒட்டடை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். உடம்பு சூடாக இருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடுதான் வந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஹுசைனா, எங்கடி போன? ஏதாவது பேசு."

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. தொண்டை அசைந்தது.

சத்தம் வரவில்லை.

நஸியாவுக்கு வீட்டைத் திறந்துவிட்டு, திறந்தபடி விட்டு வந்த கதவுக்காகத் திரும்பி வந்தோம். ஐந்து மணிக்கு ராஜேஷ் வந்தான். சந்தில் கிடந்த கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"இது ஏதுக்கா? நம்ம வூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பா மட்டும்தான. கட்ட சொருகறதுக்கு செவுத்துல ஓட்டயே கெடையாதே" என்றான். போய்ப் பார்த்தேன். சுவர் இரண்டு பக்கமும் மழமழவென்று இருந்தது. அவன் கட்டையை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு வெளியே பூட்டுப் போட்டான். நோட்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஃபக்ருதீன் பாய் அவளை மூன்று டாக்டர்களிடம் காட்டினார். தொண்டை நன்றாக இருக்கிறது, எதையோ கண்டு பயந்திருக்கிறாள், தானாக வரும் என்று மூவரும் சொன்னார்கள். இரண்டு மாதம் ஆகிறது. நஸியா பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தால் ஹுசைனா தட்டில் கரண்டியால் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். சிரிக்கிறாள், வாய் மட்டும் சிரிக்கிறது. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக் காட்டுகிறாள். முதல் பக்கத்தில் எழுதியது இதுதான்.

'நீ வரலன்னா நான் அங்கயே இருந்திருப்பேன்க்கா. கொரல் போனா போவட்டும். புள்ளைகிட்ட வந்துட்டேன்ல.'

அதைப் படித்துவிட்டு அன்றைக்கு இரவு முழுவதும் நான் தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அந்த மூன்றாவது கட்டம் ஞாபகம் இல்லை. அவள் குனிந்து அடுத்த எழுத்தை எழுதும் அவசரத்தில் இருந்தாள். பார்த்தது நான். ஓட்டை விழுந்த தாள் என் மிஷின் டிராயரில்தான் இருக்கிறது. சொல்லிவிடலாம் என்று பத்து தடவை அவள் வீடுவரை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு பெண் ஜாக்கெட் வாங்க வந்தாள். சடகோபன் ஐயா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, கமலா.

"பூட்டின வூட்ல நாய் மூச்சு வாங்கற சத்தம் கேக்குதுக்கா. கூடவே ஒரு பொம்பள ஏதோ படிச்சிகினு கீறா. தெனமும் மத்தியானம்" என்றாள்.

அப்போது ஹுசைனாவும் கடையில் இருந்தாள். நோட்டை எடுத்து எழுதினாள்: 'போய்ப் பாக்கலாம்.' வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சந்தில் அதே வெயில். கதவில் ராஜேஷ் போட்ட பூட்டு தூசி படிந்து தொங்கியது. இரண்டு பேரும் வாசற்கல்லில் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். மூக்குப்பொடி நெடி கதவிடுக்கு வழியாக வந்தது.

உள்ளே ஒரு குரல் நிதானமாகக் குறிப்புப் படித்துக்கொண்டிருந்தது. வண்டு, மூணு எழுத்து. இரவு, நாலு எழுத்து. புதிர் போடும்போதெல்லாம் நான் கேட்ட குரல். என் பக்கத்தில் நின்றவளின் குரல்.

ஹுசைனா என் கையை விடாமல் கதவில் காதை வைத்தாள். அவள் முகத்தில் பயமில்லை. தொலைந்துபோன குழந்தையின் சத்தம் கேட்ட தாய்க்கு முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

குரல் நின்றது. பிறகு கதவுக்கு மிகப் பக்கத்தில், மரத்தின் அந்தப் பக்கமே வாய் வைத்துப் பேசுகிற மாதிரிக் கேட்டது.

"ஷோபாக்கா."

கோத்திருந்த கையை இறுக்கிப் பிடித்தேன்.

"மூணாவது கட்டத்துல உன் பேனா எழுத்து இருந்துச்சே. நான் ள் எழுதறதுக்கு முன்னாலயே நீ பாத்துட்டல்ல?"

ஹுசைனா காதைக் கதவிலிருந்து எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"ஆங்" என்றேன். "பாத்தேன்."

அவள் விரல்கள் ஒவ்வொன்றாக என் கையை விட்டுப் பிரிந்தன.

பூட்டிய வீட்டுக்குள், மூலையில், பிரம்பு நாற்காலி ஒரே ஒரு தடவை முனகியது.